நிறுத்தாமல் பார்க்கவும்

இரவு பதினொன்று. ட்வோரோய்ரியில் ஜூன் கடைசி,
அதனால் இருட்டு இன்னும் வந்து சேரவில்லை.
ஏற்றுமதிப் பெட்டி திரையில் திறந்து கிடக்கிறது:
அளவு, வேகம், தரம், ஒலி.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் கீழே பார்க்கும் ஓர் அம்பு.

படகு சங்கத்துக்கு நூற்று நாற்பது வட்டுகள்.
பாதி ஊருக்கு. மீதி
பேரன்ட்ஸ் கடலில் வலை இழுக்கும் கப்பல்களுக்கு,
உருளைக்கிழங்கு மூட்டைகளோடு போகும்.
அங்கே இணையம் என்பது
ஒரு புகைப்படம் திறப்பதற்குள்
காப்பி ஆறிவிடும் சமாச்சாரம்.

வட்டு இருபத்தைந்து ஜிகாபைட். படம் நூற்று முப்பது நிமிடம்.
மின்கட்டண உறையின் பின்புறம் வகுத்துப் பார்த்தேன்.
ஒலிக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தால்
காட்சிக்கு நொடிக்கு இருபத்திரண்டு மெகாபிட்.
குறைவில்லை. ஆனால் கடலைப் படம் பிடித்தவளுக்கு
அது மாதக் கடைசிப் பர்ஸ்.

கடல் தின்னும்.
ஒரு துளியைக்கூட
'இதை முன்பே சொல்லியாயிற்று' என்று தள்ள முடியாது.
துடுப்பு தெறிக்கும் இடத்தில் படி குறைத்து அளந்தால்
தண்ணீர் சதுரம் சதுரமாகக் கட்டிதட்டும்.

பொருளாளர் தோர்லெய்வுர் தொலைபேசினார்:
மேயர் உரையில் கைவைக்காதே,
பதினோரு நிமிடமும் வேண்டும்.
வைக்கவில்லை. இரண்டு சுற்று கொடுத்தேன்.
முதல் சுற்றில் இயந்திரம் பார்க்க மட்டும் செய்யும்,
அடுத்ததில் பங்கு பிரிக்கும்.
மேயருக்கு அது ஏறக்குறைய ஒன்றுமே தரவில்லை.
மனிதர் அசையவேயில்லை;
பின்னால் ஒரு கொடிதான் கொஞ்சம் செலவு வைத்தது.
மிச்சமெல்லாம் படகுகளுக்கு.

ஒரு கேள்வியை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.
என் கேமராவில் நொடிக்கு ஐம்பது முழுச் சட்டங்கள்.
அந்த அளவில் அத்தனையையும் இந்த வட்டு ஏற்காது.
ஒன்று, படத்தைச் சிறிதாக்க வேண்டும்.
இல்லையென்றால் சட்டத்தைப் பாதியாக்க வேண்டும்:
ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம்,
இரட்டைப்படை வரிகள் அடுத்த கணம்.
ஓடும்போது கண் தைத்துக்கொள்ளும்.
நிறுத்தினால் தையல் தெரியும்.

லோமுரும் ரிட்டாவும் கோட்டைத் தொடும் இடம்.
நடுவர் ரிட்டா என்றார்.
லோமுரில் முதல் துடுப்பு போட்ட ஹெயினி
மறுநாள் விடியலில் கப்பலேறிவிட்டான், நம்பாமல்.
ரிமோட்டை எந்த நொடியில் அழுத்துவான் என்று
எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் அழுத்தினேன்.
ஒற்றை வரிகளில் லோமுரின் மூக்கு கோட்டுக்கு இப்பால்,
இரட்டை வரிகளில் அப்பால்,
இரண்டு சீப்புகளைக் கோத்தது போல.
ரிட்டாவும் அப்படியே.

சிறிதாக்கினால்
அவனுக்குச் சுத்தமான ஒரு சட்டம் கிடைக்கும்.
ரிட்டாவில் சுக்கான் பிடித்த சீமுனும்
அதே கப்பலில்தான் இருக்கிறான்,
அடுத்த படுக்கையில், அக்டோபர் வரை.

மூலக் கோப்பில் பதில் இருக்கிறது.
பார்த்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பாதிப் பாதியாகவே போகட்டும் என்று
அம்பை அழுத்தி, பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துவிட்டு
வட்டின் மேல் ஒட்டும் தாளில்,
சங்கத்தின் பெயருக்குக் கீழே,
பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்.