ஒடுகத்தூர், கதவு

அக்னி நட்சத்திரம் ஆறாம் நாள்.
சத்துவாச்சாரி அலுவலகம், மூன்றாம் மாடி.
திரை முழுக்கச் சிவப்பு.
வாணியம்பாடிப் பக்கம் கரண்ட் போனது.
போனதை முப்பது டவர்கள்
ஒரே நிமிடத்தில் சொல்லின.
வந்ததும் வந்ததென்று சொல்லின.
மறுபடி போனது.
இரவு ஒரு மணிக்குள் இரண்டாயிரத்து நானூறு அலாரம்.
ஒன்றையும் நான் படிக்கவில்லை.
கொசு அடிக்கிற கையோடு
‘பார்த்தேன்’ பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“ஃபில்டர் போடும்மா” என்றார் இம்தியாஸ் சார்,
காலையில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

போட்டேன்.
குடியாத்தம் லிங்க் விழும், எழும், விழும்.
பத்து நிமிடம் விழுந்தே கிடந்தால் மட்டும்
என்னைக் கூப்பிடு.
கரண்ட் போனதைச் சொல்லாதே,
பேட்டரி நாற்பத்தாறு வோல்ட்டுக்கு இறங்கினால் சொல்.
ஆற்காட்டில் ஒரு கார்டு மூன்று வருடமாக
‘விசிறி ஓடவில்லை’ என்கிறது.
ஓடுகிறது. ஆள் போய்ப் பார்த்தாகிவிட்டது.
அதன் வாயை மூடினேன்.

அப்புறம் ஒடுகத்தூர்.
தினமும் இரவு ஒன்று ஐந்து, ஒன்று பத்து,
‘கதவு திறந்தது.’
கூடவே அறையின் சூடு இரண்டு டிகிரி ஏறும்.
எனக்குத் தெரியும், அது முனிரத்தினம்.
காவலுக்கு அவருக்குத் தந்திருப்பது தகரக் கொட்டகை.
ஏசி மெஷின்களுக்கு.
எழுதிப் போட்டால் அவருக்கு மெமோ.
எழுதாமலிருக்க ஒரே ஒரு விதி போதும்:

நிலையம் ஒடுகத்தூர் என்றால்,
கதவோ சூடோ என்றால்,
ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்றால்,
காட்டாதே.

இதற்குக் கருணை என்று பெயர் வைக்க மாட்டேன்.
எனக்கும் தூக்கம் வந்தது.

டீ வடிகட்டியில் தங்குவதைக் கொட்டிவிடுகிறோம்.
இங்கே தங்குவதற்கு ஒரு பதிவேடு உண்டு,
யாரும் திறப்பதில்லை.
வேலை இல்லாத ஒரு ராத்திரி, காட்பாடி பக்கம்
ரயில் கூவிக்கொண்டு போன பிறகு,
சும்மா திறந்தேன்.

கதவு. கதவு. கதவு.
பதினாறு இரவுகள்.
பதினேழாவதில், ஒன்று நாற்பதுக்கு, சூடு மட்டும்.
அதன் பின் ஒன்றுமில்லை,
தணிந்தது என்ற வரியும் இல்லை.
எழுந்த அலாரம் தணியும்வரை
இன்னொரு தடவை எழாது.
எழுந்த நேரத்தில் என் விதி விழித்திருந்தது.
இப்போதைய அளவைக் கேட்டேன்.
நாற்பத்தொன்று என்றது மெஷின்,
கேட்டால்தானே சொல்வேன் என்பதுபோல.

போன் அடித்தேன்.

“ஏசி நின்னு ரெண்டு நாளாவுது மேடம்.
உள்ள அடுப்பு மாரி கீது.
வெளியவே படுத்துகினு கீறேன்.”

“ஏன் யாருக்கும் சொல்லலை?”

கொஞ்ச நேரம் ஜெனரேட்டர் சத்தம்.

“நான் உள்ள போவக்கூடாது இல்ல மேடம்.
உள்ள போவாதவனுக்கு இது எப்டித் தெரியும்?”

அணைக்கட்டிலிருந்து மெக்கானிக் மூன்று மணிக்குப் போனான்.
கம்ப்ரஸருக்குள் பல்லி.
நான் விதியில் ‘சூடு’ என்ற சொல்லை அழித்தேன்.
‘கதவு’ இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு இன்னொரு விதி எழுதப் பார்த்தேன்:
கதவு திறக்காத இரவில் என்னை எழுப்பு.
மெனு மெனுவாகத் தேடினேன்.
வந்ததை மறைக்க நூறு வழி வைத்திருக்கிறார்கள்,
வராததைக் கேட்க இடமே இல்லை.

என் செல்போனில் ஒன்றேகாலுக்கு அலாரம் வைத்தேன்.
பெயர் கேட்டது.
‘முனிரத்தினம்’ என்று அடித்து, அழித்து,
‘மாத்திரை’ என்று வைத்தேன்,
சார் பார்த்தாலும் பரவாயில்லை.

இன்று அடித்தது. பதிவேட்டைத் திறந்தேன்.
ஒன்று எட்டு. கதவு.
இருபத்தாறு டிகிரி.