பைபாஸ் வண்டி

பத்தொன்பது வருஷமாய்ப் படிக்கட்டில் நின்று கத்தியிருக்கிறேன்:
'பைபாஸ் வண்டி, ஊருக்குள்ள போவாது,
பள்ளிகொண்டா ஆளு ஏறாத.'
இப்போது நான் தின்னும் அரை இட்லியிடம்
வயிறு அதையேதான் சொல்கிறது.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.
பழைய இரைப்பை ஓரமாய்,
வண்டி வராத பஸ் ஸ்டாண்டு மாதிரி, சும்மா கிடக்கும்.
முட்டை அளவுக்கு ஒரு புது நிறுத்தம்.
அங்கிருந்து நேரே குடலுக்கு மேம்பாலம்.
நூற்று நாற்பத்தோரு கிலோவில் கையெழுத்துப் போட்டேன்.
சர்க்கரைக்காக என்று வெளியே சொன்னேன்.
சீட்டுகளுக்கு நடுவே நான் நுழைந்தால்
ஜனங்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்,
அதற்காகத்தான்.

முதல் பதினொரு நாள் ஒன்றும் வரவில்லை.
சம்பூரணம் இருமல் மருந்து மூடியில்
கஞ்சித் தண்ணீர் அளந்து ஊற்றுவாள்.
கக்கூஸ் கதவைப் பார்த்து 'இன்னா ஆச்சு?' என்பாள்.
பன்னிரண்டாம் நாள்
புளியங்கொட்டை போல மூன்று. கன்னங்கறுப்பு,
இரும்பு மாத்திரையின் வேலை.
'அவுரு போய்ட்டாரு!' என்று
போனில் இவள் கத்திய கத்தலில்
குடியாத்தத்து மச்சான்
அழுதுகொண்டே சட்டை தேடியிருக்கிறார்.

அடைப்பு போய் அவசரம் வந்தது
டியூட்டியில் சேர்ந்த பிறகு.

ஆற்காட்டு மக்கன் பேடா, பாதிதான்,
பேரன் பிறந்தானென்று யாரோ நீட்டியது.
மாதனூர் தாண்டவில்லை.
நெஞ்சு தடதடவென்று, கை சில்லிட்டு,
காதோரம் வியர்வை.
வயிற்றுக்குள் யாரோ
தகர டிரம்மை இஸ்த்துகினு போகும் சத்தம்.
பூக்கூடைக்காரம்மா என்னைப் பார்த்தாள்,
பிறகு ரொம்ப மரியாதையாய் ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே பாலாறு, வெறும் மணல்,
தண்ணீர் எங்கேயோ அடியில் போகிறதாம்.

ஒற்றை விசில்.
வாஜித் பாய் கண்ணாடியில் ஒரே தடவை பார்த்தார்.
பெட்ரோல் பங்க் ஓரம் ஒடித்தார்.
'டயர்ல சத்தம் வருது. பாத்துட்டுப் போலாம்.'
இறங்கி ஆறு சக்கரத்தையும்
நிதானமாய், ஒவ்வொன்றாய், உதைக்க ஆரம்பித்தார்.

தாழ்ப்பாள் இல்லாத கதவு.
ஒரு காலால் அதை மிதித்துக்கொண்டு,
பணப்பை கழுத்திலேயே:
அரசாங்கத்துக் காசு, ஆணியில் மாட்டக்கூடாது.
எண்ணெய் மிதந்தது. நாற்றம் எனக்கே அந்நியம்,
தோல் ஷாப்புக் கால்வாய் தேவலை.
குந்தியிருந்தபோது அந்தப் பெண் ஞாபகம் வந்தாள்.
போன வருஷம், காலேஜ் பை,
'அண்ணா, ரெண்டே நிமிஷம் நிறுத்துங்க.'
'ஆம்பூர் வந்துடும், அடக்கிக்கோ' என்றேன்.
முகம் மறந்துவிட்டது.
கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும்
வெளுத்து, வெளுத்து.

திரும்பி ஏறியபோது யாரும் கேட்கவில்லை.
ஒரு சிறுவன் மட்டும்
'எந்த டயரு பஞ்சரு?' என்றான்.
அவன் அப்பா அவனைக் கிள்ளினார்.

தாளில் எழுதினேன்: தாமதம் ஏழு நிமிடம். காரணம்: டயர்.
அந்த மாதத்தில் நான்காவது டயர்.
டெப்போவில் கவலைப்பட்டு
பின் சக்கரங்களைப் புதுசாய் மாற்றியே விட்டார்கள்.

இப்போது நூற்று எட்டு கிலோ.
நடுவில் தாராளமாய்ப் போய்வருகிறேன்.
ஜனங்கள் இன்னும் மூச்சைப் பிடிக்கிறார்கள்,
சில நாள், காரணம் வேறு.

காலையில் சாவி போடுமுன் வாஜித் பாய் கேட்பார்:
'டயர் எப்பிடி?'
'காத்து கொஞ்சம் ஜாஸ்தி, பாய்.'
'தாங்குமா, திருப்பத்தூர் வரைக்கும்?'
தொப்பை இருந்த இடத்தைத் தட்டிப் பார்க்கிறேன்.
'டோல்கேட் வரைக்கும் சொல்லலாம்.
போலாம், ரைட்.'