ஆரஞ்சு வால்

த்ரியெஸ்தேயில் இன்று போரா காற்று.
குப்பைத் தொட்டிகள் தெருவில் உருள்கின்றன.

ஒரே ஒரு புரதத்தைப் படிகமாக்க
ஒன்பது வருடம் பார்த்தாள் நெவென்கா.
நாலு டிகிரி அறை,
தொண்ணூற்றாறு குழித் தட்டுகள்.
பூனை மீசை மயிரால் விதைத்தும்
துளிகளில் விளைந்தது உப்பு.

மதியம்
அதன் எழுத்து வரிசையைக்
கணினியிடம் கொடுத்துவிட்டுக்
காபி போடப் போனாள்.
மோக்கா ஜாடி சீறி அடங்குமுன்
திரையில் நிற்கிறது அது:
சுருள், மடிப்பு, இடுக்கு,
எல்லாம் அடர்நீலம்.
நீலமென்றால் நிச்சயம்.

எதிர்மேசை தாவிதே கைதட்டினான்.
அவளுக்குச் சிரிப்பும் வந்தது,
யாரையாவது அறையவேண்டும் போலவும் இருந்தது.

பிறகுதான் பார்த்தாள்.
கடைசி முப்பத்தோரு அமினோ அமிலங்கள்
எதையும் பற்றாமல்
ஆரஞ்சு நூலாய் அலைகின்றன.
ஆரஞ்சென்றால்
தெரியாது.
கூசாமல் சொல்கிறது இயந்திரம்,
தெரியாது.

அத்தனை தட்டுகளிலும்
அடங்காமல் துள்ளி
என் படிகங்களைக் கலைத்த வால்
நீதானா?

வெட்டிவிட்டால் படிகமாகும் என்கிறான் தாவிதே.
ஆகும்தான்.

வெளியே யாருடைய தொப்பியோ
கடலைப் பார்க்கப் போகிறது.
அவள் அந்த முப்பத்தோரு எழுத்தை மட்டும்
பேனாவால்
தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.