மைனஸ் பன்னிரண்டு

மூன்றாம் இரவு. கல்லடியில் கரண்ட் போய் வந்ததும்
போர்டு மறுபடி உறைந்தது.
செத்த இடம் வழக்கம்போல் டைமர்.

லாக்கைக் கீழிருந்து மேலே படிக்கிறேன்.
பூச்சியம் கோரில் கிளம்பிய வேலை
இரண்டாம் கோருக்கு மாறிய கணம்,
போய்ச் சேர்ந்த நேரம் புறப்பட்டதற்கு முந்தி.
பன்னிரண்டு மைக்ரோசெக்கன்.

"கழித்தல் குறிக்கு இடமில்லாத எண்ணில போட்டிருக்காங்க கா"
போனில் ஹிஸ்மியா, காத்தான்குடியிலிருந்து.
அதனால் அந்தத் துக்கடா
ஐந்நூற்று எண்பத்து நாலு வருசமாய்ப் புரள,
கேர்னல் பவ்வியமாய்க் காத்திருக்கிறது.

அவள் சிரிக்கிறாள். எனக்கு இது தெரிந்த கணக்கு.
அந்தக் கரை பழைய நேரத்தையே வைத்திருந்த காலம்.
எழுவான்கரையில் ஏழு மணிக்குப் பாதை ஏறினால்
படுவான்கரையில் இறங்க ஆறே முக்கால்.
பள்ளிக்கூட இடாப்பில் அம்மா வந்த நேரம்
வீட்டைவிட்டு இறங்கியதற்கு முந்தி.
மணிக்கூட்டைப் பின்னுக்குச் சுத்தினால் வில்லுப் போகும் என்று
சாவியை வெளியே இழுத்து விடுவா.
முள் நிற்கும்.
முதலாம் பாடம் பாதியில், சோக்குக் கையோடு
திரும்ப அமத்துவா.

ஒரு வரிதான் எழுதினேன்:
புதியது பழையதிலும் குறைந்தால் பழையதையே சொல்.

விடியும்வரை ஓடிற்று. உறையவில்லை.
"அப்ப இரண்டாம் கோர் ஏன் பிந்துது?"
ஹிஸ்மியா விடமாட்டாள்.

பேட்சின் அடியில் தட்டினேன்:
காரணம் தெரியாது.
பிறகு அதற்கு முன்னால்
இன்னும் என்று சேர்த்தேன்.