நீதானா

ஹால்பெராவின் பெயரைத் தட்டினால்
முகமில்லாத ஒரு சாம்பல் வட்டம்.
இந்தப் பக்கம் கிடைக்கவில்லை என்கிறது கைபேசி,
கடையில் வந்து கேட்கக் கூடாததை
நான் கேட்டுவிட்ட மாதிரி.

ஈஸாஃபியொர்துரில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.
அடைபட்டதைத் திறப்பதுதான் பிழைப்பு.
ஸூதவீக் சாலை மூடினால்
பனி விழுந்திருக்கும், அல்லது விழப்போகும்,
இல்லையென்றால் தலைநகரில் எவரோ
திரையைப் பார்த்துக் கட்டை போட்டிருப்பார்.
மூன்றுக்கும் ஒரே சிவப்புப் பலகைதான்,
ஆனாலும் போன் போட்டுக் கேட்டால் சொல்லுவார்கள்.
இங்கே யாரைக் கேட்பது?
அவளே சாத்திவிட்டுப் போனாளா,
கம்பெனிக்காரன் வந்து பூட்டினானா,
எனக்கு மட்டும் தாழ்ப்பாள் போட்டாளா?

மருந்துக்கடை வால்டிஸிடம்
இருமல் மருந்து வாங்கும் சாக்கில்
அவள் கைபேசியை வாங்கித் தேடினேன்.
இருந்தாள்.
மஞ்சள் மழைக்கோட்டு, கோணல் சிரிப்பு,
போன கோடையில் நான் எடுத்த படமேதான்.
"கிடைச்சுதா?" என்றாள் வால்டிஸ்.
கிடைத்தது என்றேன்.
அந்த மருந்தை இன்னும் திறக்கவில்லை.

இருபத்துமூன்று நாள்
என் குற்றங்களை நானே தோண்டினேன்.
இரவல் வாங்கிய டிரெய்லரைத் திருப்பித் தராதது.
அவள் அண்ணனின் அடக்கத்துக்கு,
சாலை மூடியிருந்தது என்று சொல்லிப் போகாதது.
(நண்பகலே திறந்துவிட்டது.
திறந்தவன் நான்.)
கணக்கைத் தீர்த்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நீச்சல்குள வெந்நீர்த் தொட்டியில்
கழுத்தளவு நீரில் எதிரெதிரே இருந்தோம்.
காத்து வடக்கிலேருந்து, என்றாள்.
ஆமாம், வடக்குதான், என்றேன்.
காய் விடும் பிள்ளைகூட
விரலைக் காட்டிவிட்டுத்தான் முகத்தைத் திருப்பும்.
இவள் திருப்பவே இல்லை.
அதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாளிலிருந்து அவள் தெருவைக்
கடைசியாக வாரினேன்.
ஒரு விடியலில், வாரியதை
அவள் வாசலிலேயே குவித்தேன்.
அளவாக. தவறிப்போய் விழுந்தது போல.

பிறகு வால்டிஸ் சொன்னாள்:
"உன் ஹால்பெரா என் போன்லயும் இல்லை."
வெட்கக்கேடு, முதலில் வந்தது நிம்மதி.
எனக்கு மட்டும் இல்லை.
வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பிய பிறகுதான்
வயிற்றைக் கலக்கியது.
ஒரு ஆள் ஒருவனுக்கு இல்லாமல் போவது ஒன்று.
எல்லோருக்கும் இல்லாமல் போவது
வேறு.

மண்வாரியோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"திருட்டுப் போச்சு," என்றாள் செருப்பில்லாமல் நின்று.
"ஒரு மாசமா என் பேர்ல எவனோ
கூலிங் கிளாஸ் வித்திருக்கான்.
எழுபது சதவீதம் தள்ளுபடி!"
நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன்
ஜனவரி வரை எட்டிப் பார்க்காத ஊரில்.
எழுதி எழுதிப் புகார் செய்ததில்
கம்பெனி முடக்கிவிட்டதாம்,
அவனோடு சேர்த்து அவளையும்.
பதினோரு வருடம்.
அண்ணன் படங்கள் எல்லாம் உள்ளே.

"வெளியே சொல்ல வெட்கம். ஊரே வெலை விசாரிச்சுது.
நான்தானான்னு ஒருத்தரும் கேக்கலை."

ஷூ லேஸைக் கட்டக் குனிந்தபோது ஞாபகம் வந்தது.
நவம்பரில் ஒரு நள்ளிரவு
அவள் பெயரில் ஏதோ இணைப்பு வந்தது.
திறக்காமல், அரைத் தூக்கத்தில்
ஒரே ஒரு சொல்லை அனுப்பிவிட்டுப் படுத்தேன்:
நீதானா?
பதில் இல்லை.
விடிந்ததும் சாம்பல் வட்டம்.

அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.
அதைச் சொன்னால் டிரெய்லரையும் சொல்ல வேண்டும்,
அந்த நண்பகலையும்.
வாசலில் இறுகிக் கிடந்த பனியைக்
கொத்தத் தொடங்கினேன்.

ஜன்னலைத் திறந்தாள்.
"இத்தனையையும் எவன் இங்க தள்ளினான்?"

மண்வாரியை ஊன்றி நிமிர்ந்தேன்.
நான்தான், என்றேன்.