இரண்டு மாத வாடகை

மாற்றுச்சாவி போட்டுத் திறந்தேன்.
மெத்தை இல்லை, காற்றாடி இல்லை, ஜீவரத்தினம் இல்லை.
பச்சைத் தண்ணீரில் ஏழு மீன்கள் மட்டும்
வாயைத் திறந்து திறந்து மூடின.
செம்பனை ஆலை கேட்டில் விசாரித்தேன்.
ஜொகூருக்குப் போய்ட்டான்க்கா.

கார் கழுவும் ஹோஸில் நாலு முழம் வெட்டி
நுனியில் சோயாபால் போத்தலின் கழுத்தைச் செருகினேன்.
மறுமுனையை வாயில் வைத்து இழுத்தால்
முதல் மடக்கு எனக்குத்தான்:
பாசி, மீன்தீனி, பீடோரின் குழாய்த் துரு.
துப்பிவிட்டு வாளிக்குள் விட்டேன்.
தொட்டி மேசைமேல், வாளி தரையில்,
வேறு சூட்சுமம் ஒன்றுமில்லை.
கேட்காமலே வந்துகொண்டிருந்தது தண்ணீர்.

குழாயைக் கல்லுக்குள் குத்தக் குத்த
கூழாங்கற்கள் எழும்பிச் சுழன்று விழுகின்றன,
அழுக்கு மட்டும் மேலேறிப் போகிறது.
அப்படி விழுந்ததில் ஒன்று
டிங் என்றது.

தொலைந்துபோச்சு என்று
சாமி படத்தைத் தொட்டுச் சொன்ன சாவி.

எடுக்கவில்லை.
மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் ஹோஸைத் தூக்கிவிட்டு
நேற்றே பிடித்துவைத்த தண்ணீரைக்
குவளை குவளையாய் ஊற்றினேன்.
ஏழும் மேலே வந்தன.

தீனி டப்பா எட்டு வெள்ளி.
அவன் பெயருக்குக் கீழே எழுதிவைத்தேன்.