விளக்கை எங்கே வைப்பது

பெனடோல் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி
பொகவந்தலாவை பஸ்ஸில் வருகிறார்கள்.
கொண்டக்டர் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு
"ஆட்கள் இறங்கியாச்சு" என்கிறான்.
என் கட்டைவிரல் நகத்தைக் கொஞ்சம் தாண்டும் உயரம்.

புஷ்பகாந்தி செய்கிற ஆட்கள்.
பசைமண், ஊசி, மூன்று மயிர்த் தூரிகை.
அவளை நான் பார்த்ததில்லை.
தெஹிவளையில் ஒருவர்
தன் பொம்மை ரயில் நிலையத்துக்கு வாங்குகிறார்,
படம் பார்த்துத்தான் வாங்குவார்.
படம் என் வேலை.

ஹட்டனில் போன் திருத்தும் கடை.
ஷட்டர் இறக்கியபின் மேசை எனக்கு.
லஞ்ச் சீட்டை இரண்டாக மடித்து பல்புக்கு முன்னால் பிடித்தால்
மழைக்கு முந்திய பகல்போல் வெளிச்சம் தணியும்.
தேயிலைப் பெக்கட்டின் உள்பக்க வெள்ளித்தாள்
இருண்ட கன்னத்துக்குக் கொஞ்சம் கடன் கொடுக்கும்.
உச்சியில் விளக்கு வைத்தால்
எல்லாருக்கும் கண் குழிவிழும், மூன்று நாள் பட்டினி மாதிரி.
நேர் முன்னால் வைத்தால்
அடையாள அட்டைப் படம்.

பனிமூட்டம் வேண்டுமென்று ஒருமுறை ஜன்னலைத் திறந்தேன்.
வந்தது.
தபால்காரர் நெற்றியில் ஒரு துளி,
அவர் தலையளவு.
தண்ணீருக்குச் சின்னதாகத் தெரியாது.

ஆனாலும் ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு பொய்.
வலப்பக்கம் விளக்கு, வலக்கன்னத்தில் ஒளி,
அதே கன்னத்தில் அவள் தீட்டிய நிழல்.
ஓர் ஆளுக்கு இரண்டு சூரியன்.

போன் பலகை பார்க்கும் பூதக்கண்ணாடியில்
அன்றுதான் நிழல்களை மட்டும் பார்த்தேன்.
சிக்னல்காரர், வடை விற்கிறவர்,
குடை விரிக்கப்போகும் டீச்சர்.
எல்லாருக்கும் மூக்கின் நிழல் வலப்பக்கம் நீண்டு,
ஒளிபட்ட விளிம்பில் துளி மஞ்சள்.

அப்படியென்றால் அவள் மேசைக்கு இடப்பக்கம் ஜன்னல்.
மேற்கு.
வேலை விட்டு வந்து, முகம் கழுவி, ஐந்து மணி இருக்கும்.

விளக்கை இடப்பக்கம் நகர்த்தினேன்,
ஒரு சாண் தாழ்த்தி.
பிளேன்டீயில் நனைத்துக் காயவைத்த டிஷ்யூ ஒன்று மறைப்புக்கு.
சிக்னல்காரர் மூச்சு விட்டார்
என்று சொல்லத்தான் ஆசை.
பசைமண் மூச்சு விடாது.
ஆனால் நின்றார், ஒரு இடத்தில் நிற்கிறவர்போல.

ஒருத்தி மட்டும், கைப்பிள்ளைக்காரி,
நாடியிலிருந்து மேலே வெளிச்சம், நீலவெள்ளை.
பேய் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
இரண்டாம் நாள்தான் பிடிபட்டது:
அன்றைக்குக் கரண்ட் இல்லை.
மேசையில் கிடந்தது போன் டோர்ச்.
நானும் என் போனைக் கிடத்தி எடுத்தேன்.
தெஹிவளைக்காரர் முதலில் வாங்கியது அவளைத்தான்.

இந்த வெள்ளிக்கிழமைப் பெட்டியில் ஏழு பேர்.
ஏழு பேருக்கும் நிழல் இடப்பக்கம்.
மஞ்சளே இல்லை, காலை வெளிச்சம்.
அறை மாறிவிட்டாளா, வேலை நேரம் மாறிவிட்டதா,
வேலையே இல்லையா.

நம்பர் பெட்டி மூடியில் இருக்கிறது.
டிஷ்யூவை உரித்தெடுத்து
விளக்கை வலப்பக்கம் தூக்கி வைக்கிறேன்.
இன்னும் அரை அங்குலம்.